எத்தனை மாநிலம் யார் கையில்? புள்ளிக் கணக்கும் எடைக் கணக்கும்

கேள்வி இது: "ஒரு தேசியக் கட்சி எத்தனை மாநிலங்களை ஆள்கிறது என்று தொலைக்காட்சியில் ஓர் எண் சொல்கிறார்கள், மறுநாள் நாளிதழில் வேறோர் எண் வருகிறது. எது சரி? எந்தக் கட்சி எத்தனை மாநிலத்தை ஆண்டால் காரைக்குடியில் இருக்கும் நமக்கு என்ன?"

இரண்டு எண்ணும் சரியாக இருக்கலாம். ஒருவர் முதலமைச்சர் எந்தக் கட்சி என்று பார்த்து எண்ணியிருப்பார், இன்னொருவர் கூட்டணியைப் பார்த்து எண்ணியிருப்பார். ஆனால் "எத்தனை மாநிலம்" என்ற கேள்விக்கு ஒற்றை எண் பதிலாகாது என்பதுதான் முதலில் மனதில் வைக்க வேண்டியது. எதற்காக எண்ணுகிறோம் என்று சொன்னால்தான் ஒரு மாநிலத்தின் எடை என்ன என்று சொல்ல முடியும்.

செட்டிநாட்டில் இதை விளக்குவது எளிது. நகரத்தார் கோயில் கணக்கில் மணமாகிப் பதிந்த குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போய்ப் பெரும் செல்வம் சேர்த்தவர் வீடும் ஒரு புள்ளி, கடையில் கணக்கெழுதியவர் வீடும் ஒரு புள்ளி. ஆனால் வீட்டுப் பேரேட்டை விரித்தால் ஐந்தொகை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கு, ஆளுக்கு ஆள் வேறு. அரசியல் சட்டமும் மாநிலங்களை இந்த இரண்டு விதமாகவும் எண்ணுகிறது. சில இடங்களில் மாநிலத்துக்கு ஒரு புள்ளி. சில இடங்களில் மக்கள்தொகைதான் எடை. இந்த இரண்டையும் கலந்து பேசும்போதுதான் குழப்பம் வருகிறது.

இந்தியாவில் 28 மாநிலங்கள், 8 ஒன்றியப் பகுதிகள். டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர் ஆகிய மூன்று ஒன்றியப் பகுதிகளுக்குச் சட்டமன்றம் உண்டு. ஆக 31 சட்டமன்றங்கள். ஊடகங்களின் எண்ணிக்கை மாறுவதற்கு முதல் காரணமே இங்கே இருக்கிறது. சிலர் 28-இல் கணக்குப் பார்க்கிறார்கள், சிலர் 31-இல் பார்க்கிறார்கள், எதில் பார்த்தோம் என்று சொல்வதில்லை.

இரண்டாவது காரணம், "ஆள்கிறது" என்ற சொல். முதலமைச்சர் அந்தக் கட்சிக்காரராக இருப்பது ஒன்று. இன்னொரு கட்சியின் முதலமைச்சருக்குக் கீழ் அமைச்சரவையில் இடம் பெற்றிருப்பது ஒன்று. அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு தருவது இன்னொன்று. ஆந்திராவில் 2024 தேர்தலில் 175 இடங்களில் தெலுங்கு தேசம் தனியாகவே 135 பிடித்தது. ஜனசேனாவுக்கு 21, பா.ஜ.க.வுக்கு 8. வண்ணம் தீட்டிய வரைபடத்தில் அது பா.ஜ.க. கூட்டணி மாநிலம்தான், ஆனால் அந்த 8 பேர் இல்லாவிட்டாலும் ஆட்சி நிற்கும். புதுச்சேரியில் 2021-இல் 30 இடங்களில் என்.ஆர். காங்கிரசுக்கு 10, பா.ஜ.க.வுக்கு 6. அப்போது அங்கே ஒருவரை விட்டால் இன்னொருவரால் நின்றிருக்க முடியாது. பீகாரில் 2020-இல் பா.ஜ.க. 74, ஐக்கிய ஜனதா தளம் 43, முதலமைச்சர் நாற்காலி மட்டும் சிறிய கட்சிக்கு. 2025 நவம்பரிலும் பா.ஜ.க. 89, ஐக்கிய ஜனதா தளம் 85, பதவியேற்றவர் நிதிஷ் குமார்தான். இந்த மூன்றையும் ஒரே நிறத்தில் அடித்துவிட்டால் வித்தியாசம் தெரியாமல் போகும்.

நம் பக்கத்து உதாரணமே போதும். 2021-இல் காரைக்குடித் தொகுதியில் வென்றது காங்கிரஸ், அது இருந்த கூட்டணிதான் மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்தது. ஆனால் தி.மு.க. 133 இடங்களோடு தனிப் பெரும்பான்மை பெற்றிருந்தது, காங்கிரசுக்கு அமைச்சரவையில் இடமில்லை. அப்போது தமிழ்நாட்டைக் காங்கிரஸ் கணக்கில் சேர்க்கலாமா? கூட்டணியை எண்ணினால் சேர்க்கலாம், ஆட்சியை எண்ணினால் சேர்க்கக் கூடாது. 2006-இல் நிலைமை வேறு. தி.மு.க.வுக்கு 96 இடம்தான், 118 வேண்டும். 34 இடங்கள் வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கியது. அமைச்சரவையில் இல்லாவிட்டாலும் ஆட்சியின் உயிர் அதன் கையில் இருந்தது. இரண்டு முறையும் அமைச்சரவையில் காங்கிரசுக்கு இடமில்லை, ஆனால் அதிகாரம் ஒன்றல்ல.

இனி எடைக்கு வருவோம். முதலில் மாநிலங்களவை, ஏனென்றால் மாநிலத் தேர்தல் முடிவு டெல்லியை எட்டும் முதன்மையான வழி அதுதான்.

மாநிலங்களவையில் 245 இடம். 233 பேரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 12 பேர் நியமனம். உத்தரப் பிரதேசத்துக்கு 31, மகாராஷ்டிரத்துக்கு 19, தமிழ்நாட்டுக்கு 18. அருணாசலம், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, சிக்கிம், திரிபுரா ஆகிய ஏழுக்கும் ஆளுக்கு ஒன்று. ஏழு மாநிலத்தில் வென்றவருக்கு அதிகபட்சம் 7, தமிழ்நாடு ஒன்றில் நன்றாக வென்றவருக்கு அதைவிடக் கூடுதல்.

"நன்றாக வென்றவருக்கு" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் 18 இடங்களும் ஒரே நேரத்தில் காலியாவதில்லை. ஆறு ஆறாக மூன்று தொகுப்பு. ஒருவர் வெல்ல எத்தனை வாக்கு வேண்டும் என்பதற்கு வாய்பாடு இருக்கிறது: வாக்களிக்கும் உறுப்பினர் எண்ணிக்கையை நூறால் பெருக்கி, காலியிடத்தோடு ஒன்று கூட்டி வந்ததால் வகுத்து, மிச்சத்தைத் தள்ளிவிட்டு, ஒன்று கூட்ட வேண்டும். 234-ஐ நூறால் பெருக்கினால் 23,400. ஏழால் வகுத்தால் 3,342. ஒன்று கூட்டினால் 3,343. ஒரு எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு இங்கே 100, ஆகவே 34 பேர் வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஆட்சி அமைக்க 118 போதும். ஆனால் 118 பேரை வைத்து ஆறில் மூன்று இடம்தான் உறுதியாக எடுக்க முடியும், ஏனென்றால் மூன்றுக்கு 102, நான்குக்கு 136. ஐந்துக்கு 170. 2021-இல் தி.மு.க. கூட்டணிக்குக் கிடைத்தது 159. அதனால் 2022-இல் நான்கு இடம், கையில் 23 வாக்கு மிச்சம். அ.தி.மு.க.வுக்கு 66, இரண்டு இடத்துக்கு 68 வேண்டும், கூட்டணிக் கட்சிகளின் தயவால் இரண்டு கிடைத்தது. தேர்தல் முடிவன்று 118-ஐத் தாண்டியாயிற்றா என்று பார்ப்பவர்கள் அடுத்த கோடுகளான 136-ஐயும் 170-ஐயும் பார்க்க வேண்டும். டெல்லியில் தமிழ்நாட்டின் குரல் எந்தக் கட்சி வாயிலாக எவ்வளவு ஒலிக்கும் என்பதை அந்தக் கோடுகள்தான் தீர்மானிக்கின்றன.

கண்டனூர்க்காரரான ப. சிதம்பரம் மாநிலங்களவைக்குப் போன பாதை இந்தக் கணக்குக்கு நல்ல சான்று. 2016 மே தேர்தலில் தமிழ்நாட்டுக் காங்கிரசுக்கு எட்டு எம்.எல்.ஏ.க்கள், 34-க்கு எட்டாத தூரம். மகாராஷ்டிரத்தில் 288 உறுப்பினர், ஆறு காலியிடம். அதே வாய்பாட்டில் போட்டால் 42 பேர் வேண்டும். அங்கே 2014 தேர்தலில் காங்கிரஸ் பெற்றது சரியாக 42. அவர் மகாராஷ்டிரத்திலிருந்து போட்டியின்றித் தேர்வானார். 2022-இல் தமிழ்நாட்டில் காங்கிரசுக்கு 18 பேர்தான், ஆனால் கூட்டணியின் 159 இருந்தது. தி.மு.க. விட்டுக்கொடுத்த இடத்தில் இங்கிருந்தே போனார். அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பவர்தான் நிற்கலாம் என்ற விதி 2003-இல் எடுக்கப்பட்டதால் இது முடிந்தது. அதே ஆண்டுத் திருத்தம்தான் வாக்குச் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிப் போடும் முறையையும் கொண்டுவந்தது.

காட்டிப் போட்டாலும் மாற்றிப் போடுவது நிற்கவில்லை. கட்சி சொன்னதற்கு மாறாக மாநிலங்களவைத் தேர்தலில் வாக்களிப்பதற்காகப் பதவி பறிபோகாது. 2024 பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தில் 68-இல் 40 பேர் வைத்திருந்த காங்கிரஸ், ஒரே ஒரு இடத்தை இழந்தது. ஆறு பேர் மாற்றிப் போட்டார்கள், 34-க்கு 34 என்று சமமானது, சீட்டுக் குலுக்கலில் பா.ஜ.க. வென்றது. பிறகு அந்த ஆறு பேர் பதவி இழந்தது இந்த வாக்குக்காக அல்ல, வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பில் கொறடா உத்தரவை மீறியதற்காக.

மாநிலங்களவையின் இன்னொரு குணம், அது மெதுவாகத்தான் நிறம் மாறும். உறுப்பினர் பதவிக்காலம் ஆறாண்டு, இரண்டாண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். மாநிலத்தில் இன்று ஆட்சி மாறினாலும் அவை அதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் முழுமையாகக் காட்டும். 2024 ஜூனில் ஆந்திராவில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சட்டமன்றத்தில் வெறும் 11 இடத்துக்குச் சுருங்கியது. அதே நேரம் அம்மாநிலத்தின் மாநிலங்களவை இடங்கள் பதினொன்றும் அதன் கையில்தான் இருந்தன. சில மாதங்களில் அவர்களில் சிலர் பதவி விலக, இடைத்தேர்தல் வழியாக அந்த இடங்கள் ஆளும் கூட்டணிக்குப் போயின. ஓர் இடத்துக்கு மட்டும் நடக்கும் இடைத்தேர்தலில், இமாசலம் போல யாரும் மாற்றிப் போடாதவரை, சட்டமன்றப் பெரும்பான்மை உள்ளவர் தவிர வேறு யாரும் வெல்ல முடியாது. பதவி விலகல்களின் பின்னுள்ள கணக்கு அதுதான்.

இந்தத் தாமதத்தால்தான் 2014-இல் மக்களவையில் 282 இடம் பெற்ற பா.ஜ.க.வால் 2015-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்ற முடியவில்லை. மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் பலமில்லை, கைவிடப்பட்டது. இரு அவைக் கூட்டுக் கூட்டம் என்ற வழி உண்டு, 2002-இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா அப்படித்தான் நிறைவேறியது. ஆனால் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்த வழி கிடையாது.

அடுத்து குடியரசுத் தலைவர் தேர்தல். இங்கே எடை முழுக்க மக்கள்தொகைதான், அதுவும் 1971 கணக்கெடுப்பு. மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு. தமிழ்நாட்டில் 4,11,99,168-ஐ 234-ஆலும் ஆயிரத்தாலும் வகுக்க 176. உத்தரப் பிரதேசத்தில் 208. கேரளத்தில் 152, கர்நாடகத்தில் 131, சிக்கிமில் 7.

காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் ஆகிய மூன்று தொகுதிகளில்தான் செட்டிநாட்டு ஊர்களில் பெரும்பாலானவை அடங்கும். மூன்று பேருடைய வாக்கு மதிப்பு 528. அருணாசலப் பிரதேசச் சட்டமன்றத்தின் 60 பேரும் சேர்ந்து 480. புதுச்சேரியின் 30 பேரும் சேர்ந்து 480. மேலே சொன்ன ஏழு வடகிழக்கு மாநிலங்களின் 372 எம்.எல்.ஏ.க்களையும் கூட்டினால் 5,224. தமிழ்நாட்டின் 234 பேருக்கு 41,184, ஏறக்குறைய எட்டு மடங்கு. வரைபடத்தில் ஏழு மாநிலம் நிறம் மாறுவதும் தமிழ்நாடு ஒன்று நிறம் மாறுவதும் இந்தத் தேர்தலில் ஒப்பிடவே முடியாதவை.

2022 தேர்தலில் மொத்த வாக்கு மதிப்பு 10,86,431. எம்.பி.க்கள் 776 பேர், ஆளுக்கு 700 வீதம் 5,43,200. எம்.எல்.ஏ.க்கள் மொத்தம் 5,43,231. இரண்டு தட்டும் ஏறத்தாழ சமம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. திரௌபதி முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்ஹா 3,80,177. பலர் தவறுவது ஓரிடத்தில்: சட்டமன்ற மேலவை உறுப்பினர்களையும் நியமன உறுப்பினர்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரா, தெலங்கானா ஆகிய ஆறுக்கு மேலவை உண்டு, அவர்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்கு கிடையாது. தமிழ்நாட்டு மேலவை 1986-லேயே போய்விட்டது.

இப்போது புள்ளிக் கணக்குக்கு வருவோம். ஜி.எஸ்.டி. மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. அந்த மூன்றில் இரண்டு, சட்டமன்றமுள்ள 31 அரசுகளுக்கும் சமமாகப் பிரியும். உத்தரப் பிரதேசத்துக்கும் சிக்கிமுக்கும் ஒரே 2.15 விழுக்காடு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு, அதாவது 75 விழுக்காடு வேண்டும்.

எல்லோரும் வந்து வாக்களித்தால் கணக்கு இப்படி. ஒன்றிய அரசின் 33.33-ஓடு 20 மாநிலம் சேர்ந்தால் 76.3, நிறைவேறும். 19 சேர்ந்தால் 74.2, நிறைவேறாது. ஆக, தடுக்க விரும்புவோருக்கு 12 மாநிலம் வேண்டும். ஒன்றிய அரசு ஒப்பாமல் எதுவும் நடக்காது, ஏனென்றால் 31 மாநிலமும் ஒன்று சேர்ந்தாலும் 66.67-தான். 2025 டிசம்பர் நிலவரப்படி ஒன்றிய ஆளுங்கட்சிக்கு எதிரணியில் நின்ற அரசுகளை எண்ணுங்கள்: கர்நாடகம், தெலங்கானா, இமாசலம், தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம், பஞ்சாப், ஜார்க்கண்ட், ஜம்மு காஷ்மீர். ஒன்பது. அதாவது 19 விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டும், தடுக்கப் போதாது. அதன் பிறகு நடந்த தேர்தல்களின் முடிவைக் கூட்டியோ கழித்தோ நீங்களே போட்டுக்கொள்ளலாம், 12 என்ற கோடு மட்டும் மாறாது. இந்த மன்றத்தில் மிசோரமின் ஆட்சி மாற்றமும் மகாராஷ்டிரத்தின் ஆட்சி மாற்றமும் ஒரே எடை. "எத்தனை மாநிலம்" என்ற எண் உண்மையாகவே பொருந்துகிற இடம் இதுதான்.

நடைமுறையில் அங்கே வாக்கெடுப்பு அரிது. பேசி ஒத்துப்போவதுதான் வழக்கம், முதல் வாக்கெடுப்பே 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காக நடந்தது. ஆனாலும் வாக்கு எண்ணிக்கை என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் பேச்சின் சாய்வும் அதற்கேற்பவே அமையும். இது நம் ஊர்க் கடைத்தெருவுக்கு நேராக வந்து சேரும் விஷயம். 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய மன்றம், பொட்டலமிட்ட மிக்சர் போன்ற காரவகைகளுக்கு 12-லிருந்து 5 விழுக்காடாகவும், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள விடுதி அறைக்கு 12-லிருந்து 5 ஆகவும் குறைத்தது. விடுதிக்காரருக்கு உள்ளீட்டு வரி கழிவு கிடையாது என்ற நிபந்தனையோடு. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறவர்களுக்கு அந்த நிபந்தனைதான் முக்கியம், ஏனென்றால் புதுப்பிக்க வாங்கும் சிமெண்டுக்கும் மரத்துக்கும் கொடுத்த வரியை அறை வரியில் கழிக்க முடியாது. சிமெண்டுக்கு வரி 28-லிருந்து 18 ஆனது ஓரளவுக்குத் தாங்கும்.

அரசியல் சட்டத் திருத்தங்களில் சிலவற்றுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியேனும் ஒப்புதல் தர வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தல் முறை, ஒன்றிய மாநில அதிகாரப் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலப் பிரதிநிதித்துவம் போன்றவற்றைத் தொட்டால் இந்த நிபந்தனை வரும். இதுவும் புள்ளிக் கணக்குதான், ஆனால் ஒன்றியப் பகுதிகளுக்குப் புள்ளி இல்லை. 28-இல் 14. ஜி.எஸ்.டி.க்கான 101-வது திருத்தம் 2016 ஆகஸ்டு 8-இல் நாடாளுமன்றத்தைக் கடந்தது, அப்போதைய 29-இல் பாதிக்கு மேல் ஒப்புதல் வந்து செப்டம்பர் 8-இல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். ஒரே மாதம். மாநிலங்களின் ஒப்புதல் பெரிய தடுப்புச்சுவர் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும். 15 மாநிலம் மறுத்தால்தான் நிற்கும். உண்மையான தடை நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு: எல்லோரும் வந்தால் மக்களவையில் 362, மாநிலங்களவையில் 164. 2024-இல் ஆளும் கூட்டணி மக்களவையில் பெற்றது 293. மாநிலங்களவையில் 82 பேர் எதிர்த்தால் திருத்தம் நிற்கும், அந்த 82-ஐச் சட்டமன்றங்கள்தான் அனுப்ப வேண்டும். இப்படி மாநிலத் தேர்தல்கள் சுற்றி வளைத்து அரசியல் சட்டத்தையே காக்கவோ மாற்றவோ செய்கின்றன.

ஆட்சிக் கலைப்பிலும் இதே சுற்றுவழி உண்டு. தமிழ்நாட்டுக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். 1976 ஜனவரி 31, 1980 பிப்ரவரி 17, 1988 ஜனவரி 30, 1991 ஜனவரி 30 என்று நான்கு முறை இங்கே மாநில அரசை நீக்கிக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் 356-வது பிரிவு பாய்ந்தது. 1977-இல் ஜனதா அரசு ஒன்பது காங்கிரஸ் அரசுகளைக் கலைத்தது, 1980-இல் இந்திரா காந்தி அரசு ஒன்பதைக் கலைத்தது, அதில் எம்.ஜி.ஆர். அரசும் ஒன்று. 1994-இல், கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும் என்று கட்டுப்போட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம், 1999 பீகாரைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறோம். அந்த பிப்ரவரியில் ராப்ரி தேவி அரசைக் கலைத்தார்கள். கலைப்பை இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளும் ஏற்க வேண்டும். மாநிலங்களவையில் வாஜ்பாய் அரசுக்குப் பலமில்லை. மார்ச்சில் கலைப்பைத் திரும்பப் பெற்று அதே அரசை மீண்டும் அமர்த்த வேண்டியதாயிற்று. என் கணிப்பில், மாநிலங்களில் பல கட்சிகள் ஆள்வது ஒரு மாநில அரசுக்குத் தரும் மிக நேரடியான பாதுகாப்பு இதுதான். ஒரே கட்சி பெரும்பாலான மாநிலங்களையும் பிடித்து மாநிலங்களவையையும் நிரப்பிவிட்டால் நீதிமன்றம் ஒன்றுதான் மிஞ்சும்.

இந்தக் காலத்தில் ஆட்சி மாறுவது பெரும்பாலும் கலைப்பால் அல்ல, எண்ணிக்கையைக் குறைப்பதால். 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் தாவியவரின் பதவியைப் பறிக்கும். ஆனால் பதவி விலகினால் அது தாவல் ஆகாது, அவையின் மொத்தம் குறையும், பெரும்பான்மைக் கோடும் இறங்கும். மத்தியப் பிரதேசத்தில் 2020 மார்ச்சில் 230 இடங்களில் இரண்டு ஏற்கெனவே காலி. 22 காங்கிரஸ் உறுப்பினர்கள் விலக, அவை 206 ஆனது, கோடு 104-க்கு இறங்கியது. பா.ஜ.க.விடம் 107 இருந்தது. எம்.எல்.ஏ. பதவியில் இருந்தபடி ஒருவர்கூட அந்தக் கட்சிக்குத் தாவாமலேயே ஆட்சி கைமாறியது. தமிழ்நாட்டில் 2017 செப்டம்பரில் அ.தி.மு.க.வின் 18 பேரைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார். ஆர்.கே. நகர் அப்போது காலி. அவை 215, கோடு 118-லிருந்து 108. அந்த 18-இல் நம் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையும் ஒன்று. 2019-இல் 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தபோது அ.தி.மு.க. ஒன்பதில் வென்று ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. மக்களவைத் தேர்தலில் அதே நாளில் அது படுதோல்வி அடைந்தது. ஆகவே கோடு எங்கே என்று பார்க்கும்போது மொத்த இடத்தை எடுக்காதீர்கள், அன்றைக்கு அவையில் உள்ளவர்களை எடுங்கள்.

கட்சி நிறம் எதில் பொருட்டே இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நிதிக்குழுவின் பகிர்வு சூத்திரப்படி நடக்கும். 15-வது நிதிக்குழு பகிரத்தக்க வரியில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்குக் கொடுத்தது, அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடாக இருந்தது. சென்னையில் யார் இருந்தாலும் அதே எண். ஆனால் ஒன்றியத் திட்டங்களுக்கான பணம் அப்படியல்ல. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-இல் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியான 2,152 கோடி நிறுத்தப்பட்டது என்று மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஆளுநர் விஷயமும் இப்படித்தான். துணைவேந்தர் நியமனம் பற்றிய மசோதாக்கள் ஆளுநரிடம் தேங்கினால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் வரை அதன் விளைவு வரும். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தேங்கிய பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. நவம்பர் 20-இல் அரசியல் சாசன அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் இல்லை என்று கருத்துச் சொன்னது. சென்னையும் டெல்லியும் ஒரே அணியில் இருந்தால் இந்த உரசல்களில் பல எழுவதில்லை. எழாமல் இருப்பது மாநிலத்துக்கு நல்லதா, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதா என்பது ஒவ்வொரு மசோதாவையும் எடுத்துப் பார்க்க வேண்டிய கேள்வி.

நீங்களே ஓர் அட்டவணை வைத்துக்கொள்ள விரும்பினால் ஒரு நீளமான தாளில் 31 வரிசை போதும். ஒவ்வொன்றுக்கும் அவையின் மொத்தம், இன்றைய எண்ணிக்கை, முதலமைச்சர் கட்சியின் இடங்கள், அமைச்சரவையில் உள்ள மற்றக் கட்சிகள், வெளியிலிருந்து தாங்குபவர்கள், மாநிலங்களவை இடங்கள், ஒரு எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு, அடுத்த தேர்தல் எப்போது. அமைச்சரவையையும் வெளி ஆதரவையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடாதீர்கள், பிழை அங்கேதான் நுழையும். ஜம்மு காஷ்மீரில் 2024 அக்டோபரில் தேசிய மாநாட்டுக் கட்சி 42, காங்கிரஸ் 6, ஆனால் காங்கிரஸ் அமைச்சரவையில் சேரவில்லை. பிளவுபட்ட கட்சிகளைப் பெயரை வைத்து எண்ணக் கூடாது. மகாராஷ்டிரத்தில் சிவசேனாவும் தேசியவாத காங்கிரசும் இரண்டிரண்டாகி எதிரெதிர் அணியில் நின்றன, பெயரும் சின்னமும் எந்தப் பிரிவுக்கு என்று தேர்தல் ஆணையம் 2023-இலும் 2024-இலும் முடிவு செய்தது. தேர்தல் எண்களைத் தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பக்கத்திலிருந்தும், ஓய்வு பெறும் தேதிகளை மாநிலங்களவைத் தளத்திலிருந்தும் எடுங்கள்.

வாக்கு மதிப்புக் கட்டத்தைப் பென்சிலில் எழுதுங்கள். 1971 மக்கள்தொகையையே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை 84-வது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை நீட்டியது. அந்தப் பூட்டு திறந்தால் என்ன ஆகும் என்பதை 2011 எண்களைப் போட்டுப் பார்க்கலாம். தொகுதி எண்ணிக்கை மாறாது என்று வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் மதிப்பு 7,21,47,030-ஐ வகுத்து 308, உத்தரப் பிரதேசத்தில் 19,98,12,341-ஐ வகுத்து 496. இன்று அங்குள்ள ஒரு வாக்கு 100 என்றால் நம் வாக்கு 85. அப்போது 62.